கட்டடக் கலைஞரின் கட்டணம் கூடுதலா?

சமையலறையைப் பின்புறமாக நீட்டிக் கட்ட வேண்டும் என்று எண்ணும் நம்மவர்கள் முதலில் தேடுவது குத்தகையாளரைத்தான். கட்டடக் கலைஞரை நாடுவோர் மிகச் சிலரே. அச்சிலரும் அவர் அனுப்பும் கட்டணக் கடிதத்தைக் கண்டவுடன் மலைத்துப் போகின்றனர். "நான்கு தாளில் கோடு போடுவதற்கு இத்தனை ஆயிரமா?" என்னும் கேள்வியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்கு விடை காண நம்மவர்கள் கையாளும் அளவுகோல்தான் எனக்கு உடன்பாடில்லை.

அண்மையில் சக ஆசிரியை ஒருவர் தமக்கு வந்த கடிதம் ஒன்றைக் காட்டினார். கட்டுமானச் செலவில் 12 விழுக்காடு என்று அதில் எழுதியிருந்தது. அவருடைய அண்ணன் புதிதாகக் கட்டிய தனி வீட்டிற்கு 7 விழுக்காடுதான் கேட்டார்களாம். "நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டார்" என வருந்தினார். விழுக்காட்டைக் கண்டால் எதனுடைய விழுக்காடு என்று முதலில் கேள் என ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டு விவகாரம் என்று வந்துவிட்டால் அப்பாடத்தை நாமே மறந்துவிடுகிறோம்!

கணக்கைப் போட்டே பார்ப்போம். அண்ணனின் வீடு 500,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 7 விழுக்காடு என்பது 35,000 ரிங்கிட். இவருடைய வீடோ தொடர் வீடு. பின்புறத்தில் 20 அடி அகலத்திற்கு 10 அடி நீட்டினால் 200 சதுர அடி. சதுர அடிக்கு 200 ரிங்கிட் என்று கொண்டால் செலவு 40,000 ரிங்கிட். அதில் 12 விழுக்காடு 4,800 ரிங்கிட். இத்தொகைக்குக் கட்டடக் கலைஞர் செய்ய வேண்டியவை யாவை? ஏற்கெனவே நிற்கும் வீட்டை அளந்து வரைய வேண்டும் (காலி மனையில் கட்டும்போது இந்த வேலையே இல்லை). புதிய பகுதியை வரைய வேண்டும். நகராண்மைக் கழகத்திற்கு விண்ணப்பம் தயாரித்து, அவர்கள் திருத்தம் கேட்டால் திருத்திக் கொடுக்க வேண்டும். பொறியாளருடன் பேச வேண்டும். வேலை நடக்கும்போது வந்து பார்க்க வேண்டும். எப்படிச் சுருக்கினாலும் எழுபது மணி நேரத்திற்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. அப்படியானால் மணிக்கு 69 ரிங்கிட்டைக்கூட எட்டவில்லை. அதற்குள்தான் அவருடைய அலுவலக வாடகையும், வரைவாளரின் சம்பளமும், எண்ணெய்ச் செலவும் அடங்க வேண்டும். அண்ணனுக்குக் கேட்ட அதே 7 விழுக்காட்டை இவருக்கும் கேட்டிருந்தால் 2,800 ரிங்கிட். மணிக்கு 40 ரிங்கிட். அந்தக் கட்டணத்திற்கு ஒருவர் உடனே தலையசைத்தால் எனக்கு மகிழ்ச்சி வராது. எந்த வேலையைச் செய்யாமல் விடப் போகிறார் என்ற ஐயம்தான் வரும்.

சிறிய வேலைக்கு விழுக்காடு கூடுதலாகவும் பெரிய வேலைக்குக் குறைவாகவும் இருப்பது ஊரறிந்த நடைமுறை. 1967-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் 2010-இல் வெளியான குறைந்தபட்சக் கட்டண விதிகளும் அவ்வாறே படிப்படியாக இறங்கும் அளவைக் கொண்டவை. ஆகவே, அண்ணன் வீட்டு விழுக்காட்டைத் தம்பி வீட்டு விழுக்காட்டோடு ஒப்பிடுவதில் பயன் ஏதும் இல்லை.

அப்படியானால் கேட்ட தொகையைக் கேள்வியின்றிக் கொடுத்துவிட வேண்டுமா? அதுவும் கூடாது. முதலில், உங்கள் வேலைக்குக் கட்டடக் கலைஞர் வேண்டுமா என்றே சிந்திக்கலாம். 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி, கட்டடத்தைக் கட்டுவதற்கு முன்னர் ஊராட்சித் துறையின் அனுமதியைப் பெற வேண்டும். வீட்டை நீட்டுவதும் அதில் அடங்கும். ஆனால், சிறிய கட்டடங்களுக்கான வரைபடத்தை வாரியத்தில் பதிவுபெற்ற கட்டட வரைவாளரும் சமர்ப்பிக்கலாம். வெறும் ஒரு மாடிச் சமையலறை நீட்டிப்புக்குப் பதிவுபெற்ற வரைவாளரே போதும் என்பேன். அவருடைய கட்டணமும் பெரும்பாலும் குறைவு. மேல்மாடி எழுப்புவது, சுவர்களை நீக்கி வீட்டின் உள்ளமைப்பையே மாற்றுவது என்றால் நிலைமை வேறு. அங்குக் கட்டடக் கலைஞரின் அறிவுக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

அந்த அறிவு என்ன என்பதை நம் தாமான்களில் நடந்து பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். தொடர் வீட்டுக்கு இருபுறமும் பொதுச்சுவர். வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வர வேண்டும். பின்புறத்தை முழுவதுமாக அடைத்துக் கூரை போட்டவுடன் பழைய சமையலறையும் அதையொட்டிய அறையும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. பகல் பதினொரு மணிக்கும் விளக்கெரியும் வீடுகளை நான் பல பார்த்துவிட்டேன். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், குடியிருப்பு அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் பரப்பும், 5 விழுக்காட்டுக்குக் குறையாத காற்றுத் திறப்பும் வேண்டும் என்கின்றன. பழைய கடைவீடுகளில் நடுவே முற்றம் விட்டார்களே, அது இக்காரணத்திற்காகத்தான். நல்ல கட்டடக் கலைஞர் 200 சதுர அடியில் 20 சதுர அடியைத் திறந்தவெளியாக விடச் சொல்வார். "காசு கொடுத்துக் கட்டுவதை ஏன் திறந்து விட வேண்டும்?" என்று நாம் சண்டை போடுவோம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அவ்வீட்டில் பகலில் விளக்குப் போடாமல் சமைக்கலாம் என்பது அந்த 20 சதுர அடியின் பலன்.

இன்னொன்று மண். கிள்ளான் போன்ற கரையோரப் பகுதிகளில் மென்மையான களிமண். கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலங்கள். இத்தகைய இடங்களில் வீடமைப்பு நிறுவனம் மூல வீட்டைப் பைலிங் இறக்கிக் கட்டியிருக்கும். நாம் பின்னால் சேர்க்கும் சமையலறையோ பெரும்பாலும் மண்ணின்மீது நேரடியாக உட்கார்ந்திருக்கும். மூல வீடு அசையாது. புதிய பகுதி மட்டும் மெல்ல இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு விழும். பூசினாலும் மறு ஆண்டில் மீண்டும் விழும். சில வேளைகளில் பக்கத்து வீட்டுச் சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். அதன் பிறகு அண்டை வீட்டாருடன் உறவும் வெடித்துவிடும். இதைத் தடுப்பதற்குரிய அடித்தளத்தைக் கணக்கிடுவது பொறியாளரின் வேலை. ஆகவே, கட்டணக் கடிதத்தில் பொறியாளரின் கட்டணம் அடங்குமா, தனியா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தனிதான். 4,800 என்று நினைத்தது பிறகு ஏறுவதற்கு முதற்காரணம் இதுவே.

"வரைபடம் இலவசம்" என்று விளம்பரம் செய்யும் குத்தகையாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலவசமாக எவரும் வரைவதில்லை. அச்செலவு விலைப்பட்டியலுக்குள் எங்கோ அமர்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. வரைந்தவரும் கட்டுபவரும் பணம் வாங்குபவரும் ஒருவரே என்றால், கம்பியின் அளவு சரியா, சிமெண்டுக் கலவை சரியா என்று உங்கள் சார்பில் பார்ப்பவர் யார்? மேலும், பொதுவான வரைபடம் ஒன்று இல்லாமல் மூவரிடம் விலை கேட்டால், மூவரும் மூன்று வெவ்வேறு சமையலறைகளுக்கு விலை சொல்வார்கள். ஒருவர் மின்கம்பியைச் சேர்த்திருப்பார். மற்றவர் வடிகாலை விட்டிருப்பார். மிகக் குறைந்த விலையே மிக அதிகம் விடுபட்ட விலையாக இருக்கலாம். வேலைப் பட்டியலோடு கூடிய ஒரே வரைபடத்தை மூவரிடமும் கொடுத்துப் பாருங்கள். விலைகள் அப்போதுதான் ஒப்பிடத் தக்கவையாகின்றன. கட்டடக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையின் பெரும்பகுதி இங்கேயே திரும்பிவிடக்கூடும். 4,800 ரிங்கிட்டுக்கு நாள்கணக்கில் பேரம் பேசுகின்ற நாம், 40,000 ரிங்கிட் வேலைக்கு வரைபடமே இல்லாமல் பாதிப் பணத்தை முன்பணமாகத் தூக்கிக் கொடுக்கிறோம். இந்தத் துணிச்சலை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

நியாயமற்ற கட்டணமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டைப் பார்க்க வராமலேயே, யாரோ வரைந்த வரைபடத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்து 3,000 ரிங்கிட் வாங்கினால், அது 7 விழுக்காடாக இருந்தாலும் கொள்ளையே. முத்திரைக்காக நாம் பணம் கொடுக்கவில்லை. 2007 ஏப்ரல் 12 முதல், கட்டடம் குடிபுகத் தக்கது என்னும் சான்றிதழை ஊராட்சித் துறை வழங்கும் முறை மாறி, வரைபடத்தைச் சமர்ப்பித்த வல்லுநரே பொறுப்பேற்று வழங்கும் முறை வந்தது. அதாவது, அவருடைய கையெழுத்து ஒரு பொறுப்பு. வேலை நடக்கும் இடத்திற்கு வராதவர் எதற்குப் பொறுப்பேற்கிறார்? எனவே, எத்தனை முறை நேரில் வருவார் என்பதைக் கடிதத்தில் எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "தேவைக்கேற்ப" என்ற சொல் அங்கே இருந்தால் விடாதீர்கள்; யாருடைய தேவை என்று கேளுங்கள்.

விழுக்காட்டு முறையில் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். செலவு கூடினால் அவருடைய கட்டணமும் கூடுகிறது. எல்லாரும் அதைப் பயன்படுத்திக்கொள்வதாக நான் சொல்லவில்லை. ஆனால், செலவைக் குறைக்க வேண்டியவருக்கு அதைக் கூட்டுவதில் ஆதாயம் இருப்பது முறையன்று. சிறிய வேலைகளுக்கு, தொடக்க மதிப்பீட்டை வைத்துக் கட்டணத்தை ஒரே தொகையாக முடிவு செய்துவிடுவதே இரு தரப்புக்கும் நல்லது. நீங்களாகக் கேட்கும் மாற்றங்களுக்கு மட்டும் கூடுதல் கட்டணம். நகராண்மைக் கழகம் கேட்கும் திருத்தங்களுக்குக் கூடாது. இதையும் எழுதி வாங்க வேண்டும்.

சேவை வரியையும் கணக்கில் சேருங்கள். ஆண்டு வருமானம் 500,000 ரிங்கிட்டைத் தாண்டி வரிக்குப் பதிந்த நிறுவனமென்றால், 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு சேரும். 4,800 ரிங்கிட் 5,184 ஆகிவிடும். சிறிய அலுவலகமாக இருந்தால் இது இல்லாமலும் இருக்கலாம். நகராண்மைக் கழகத்தின் வரைபடக் கட்டணமும், பல இடங்களில் கேட்கப்படும் வைப்புத் தொகையும் உங்கள் கையிலிருந்தே போகும். வைப்புத் தொகையைத் திரும்பப் பெறும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் அமர்ந்திருப்பவர் உண்மையிலேயே பதிவுபெற்றவரா என்பதை மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடி வீட்டிலிருந்தபடியே அறியலாம்.

பணத்தைத் தவணையாகவே கொடுங்கள். முதல் வரைபடத்துக்கு ஒரு பங்கு, விண்ணப்பம் போனதும் ஒரு பங்கு, அனுமதி வந்ததும் ஒரு பங்கு என்று பிரித்து, கடைசிப் பங்கை வேலை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். அனுமதி வந்த அன்றே முழுப் பணத்தையும் கேட்பவரிடம், கூரை ஏறும் நாளில் யார் வந்து பார்ப்பார்கள் என்று பணிவோடு கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலைக் கேட்ட பிறகு கையொப்பம் இடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.