சோப்புக் கட்டியும் சிலிக்கான் டியூபும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கிழக்குக் கடற்கரை விசைப்படகுகளுக்கு இந்த மீன்பிடித் தடைக்காலம்தான் வைத்தியக் காலமும். பலகை, பெயின்ட், புரொப்பல்லர், எஞ்சின் என்று வேலை நீளும். டீசல் டேங்க் ஒழுகினால் மட்டும், ஹார்டுவேர் கடையில் ஒரு டியூப் வாங்கிப் பூசிவிட்டால் முடிந்தது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. டியூபின் மேல் ‘வாட்டர்புரூஃப்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கடலில் ஓடும் படகுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தப்புக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. டேங்குக்குள் இருப்பது தண்ணீர் இல்லை, டீசல். தண்ணீரை அண்டவிடாத ரப்பர்களில் பல, எண்ணெய் என்றால் கதவைத் திறந்துவிடும். இயற்கை ரப்பர் அப்படி, பியூட்டைல் ரப்பர் அப்படி, நம் கடைகளில் அதிகம் விற்கும் சாதாரண சிலிக்கானும் அப்படித்தான்.

காரணம் வேதியியலின் பழைய விதி: ஒன்றையொன்று ஒத்த பொருள்களே கலக்கும். டீசல் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த சங்கிலிகளால் ஆனது, மின்முனைப்பு இல்லாதது. சிலிக்கான் ரப்பரும் ஏறக்குறைய அதே குணம் உடையது என்பதால் டீசல் அதற்குள் நுழைந்து குடியேறுகிறது. சிலிக்கான் கரைந்து ஓடாது. ஊறி, உப்பி, வலுவிழந்து, கடைசியில் தகட்டை விட்டுத் தோலாக உரிந்து வரும். இதற்கு நேர்மாறாக, அவசரத்துக்குத் துவைக்கும் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேய்க்கும் கைவைத்தியம் வேதியியல்படி முற்றிலும் சரி. சோப்பு ஒரு சோடியம் உப்பு. கட்டியாக இருக்கும்வரை டீசலில் கரையாது. மெக்கானிக்குகள் மரையில் தடவும் ஷெல்லாக்கும் இந்த வகைதான். நம் அரக்குதான் அது. ஆல்கஹாலில் கரையும், டீசலுக்கு அசையாது. இரண்டுக்கும் குறை வேறு பக்கம். படகின் அடியில் தேங்கும் தண்ணீர் பட்டால் சோப்பு கரைந்துவிடும். எஞ்சின் அதிர்வில் அரக்கு விரிசல் விடும். நிரந்தரத் தீர்வாக இரண்டும் தேறாது. ஆனாலும் எதைக் கண்டு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில், ‘வாட்டர்புரூஃப்’ முத்திரையைவிட அந்தப் பழைய பட்டறை அறிவு தெளிவாக இருந்திருக்கிறது.

எஞ்சினின் ஆயில் சம்ப்பில் சிலிக்கான்தானே பூசுகிறார்கள், ஒழுகவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எஞ்சின் ஆயிலின் மூலக்கூறுகள் டீசலினுடையவற்றைவிடப் பெரியவை. ரப்பருக்குள் அவ்வளவு சுலபமாகப் புகுவதில்லை. ‘ஆயில் ரெசிஸ்டன்ட்’ என்று போட்டால் எரிபொருளுக்கும் தாங்கும் என்று பொருள் இல்லை. டேங்கிலேயே சிலிக்கான் பல வருடம் நின்றதாகச் சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. அது பெரும்பாலும் மேல்மூடியிலோ மீட்டர் பொருத்திய இடத்திலோ இருந்திருக்கும். அங்கே ஆவியும் எப்போதாவது தெறிக்கும் துளியும்தான் படும். போதாக்குறைக்கு போல்ட் இறுக்கம் வேறு. இரவும் பகலும் டீசலில் மூழ்கிக் கிடக்கும் அடித்தகட்டின் கதையே வேறு.

அப்படியானால் எது? அசையும் இணைப்புகளுக்கு என் தேர்வு பாலிசல்ஃபைடு. 1920களில் ஜோசப் பாட்ரிக் என்ற அமெரிக்க வேதியியலாளர், ரேடியேட்டர் தண்ணீர் உறையாமலிருக்க ஒரு திரவம் செய்யப்போய், எந்தக் கரைப்பானுக்கும் மசியாத, மூக்கைத் துளைக்கும் நாற்றம் கொண்ட பிசினைக் கண்டுபிடித்தார். தியோகால் என்று பெயரிடப்பட்ட அந்த ரப்பரின் வாரிசுகள்தான் விமான இறக்கைகளை உள்ளேயே எரிபொருள் தேக்கும் டேங்குகளாக மாற்ற உதவின. விமான நிலையத் தளங்களின் கான்கிரீட் இணைப்புகளிலும் இருக்கின்றன. ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் தண்ணீர்த்தொட்டிக்கு விற்கும் பாலிசல்ஃபைடை வாங்கிவரக் கூடாது. எரிபொருளில் மூழ்கியிருக்க ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்த வகையே வேண்டும். ஃபுளோரோசிலிக்கானும் தாங்கும், விலைதான் தாங்காது. அசையாத தகட்டில் ஊசிமுனை ஓட்டை என்றால் எபாக்சியே போதும். இறுகிய பின் டீசல் அதை ஒன்றும் செய்யாது, அதிரும் வெல்டிங் கோட்டில் மட்டும் விரிசல் விடலாம். பாலிசல்ஃபைடு கிடைப்பது சிரமம், இறுக நாள்கணக்காகும் என்பது உண்மைதான். ஆனால் படகு கரையில் நிற்பதோ இரண்டு மாதம். எதைப் பூசினாலும், டேங்கைக் காலி செய்து, உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சிடத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்த பிறகே பூச வேண்டும். முன்பு தேய்த்த சோப்பு துளி மிஞ்சினாலும் ஒட்டாது. பழைய சிலிக்கான் படலம் இருந்தாலோ அதன்மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு, வெல்டிங் வைத்தால் தீர்ந்தது என்பது வலுவான மறுப்பு. எஃகு டேங்குக்கு அதுதான் கடைசி வைத்தியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் முதல் வைத்தியம் ஆகாது. இந்தியத் தரநிலைப்படி சாதாரண ஹைஸ்பீடு டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரை இறங்கலாம். மே மாத வெயிலில் காயும் டேங்க் அதை அனாயாசமாகத் தாண்டும். டீசல் நிறைந்த டேங்கைவிட, டீசலை வடித்துவிட்டு ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் ‘காலி’ டேங்க்தான் வெல்டருக்கு எமன். நன்றாகக் கழுவி, ஆவியை முழுக்க வெளியேற்றி, அளந்து பார்த்த பிறகே நெருப்பு பக்கத்தில் வரலாம். நடுக்கடலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அதைவிட முக்கியமானது ஓட்டை எங்கிருந்து வந்தது என்பது. டேங்கில் வியர்க்கும் தண்ணீர் டீசலைவிட கனமானது. அடியில் போய்த் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து அமிலம் சுரக்கும். அடித்தகடு உள்ளிருந்து அம்மை வடுப்போலக் குழிந்துகொண்டே வரும். அதில் முதலில் வெளியே தெரிவதைத்தான் நாம் ஓட்டை என்கிறோம். ஆகவே டியூபைத் திறக்குமுன் ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் பூசலாம். மொத்தையாகச் சத்தம் வந்தாலோ ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ, பாலிசல்ஃபைடு வாங்க வைத்திருக்கும் பணத்தைப் புதுத் தகட்டுக்குப் போடுவதே நல்லது.