எம்பிஏ கனவுக்கு மனைப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் போதும், மாமல்லபுரம் கடற்கரைச் சாலையை ஒட்டிய நம் காலனிகளில் கல்லூரி ஏஜெண்டுகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். "எங்கள் கல்லூரியில் பிபிஏ படித்தால்தான் நாளைக்கு ஐஐஎம்மில் எம்பிஏ சீட் கிடைக்கும்" என்பார்கள். அதை நம்பி, ரிசார்ட்டில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மாக்கள் நகையை அடகு வைக்கிறார்கள். கட்டிட வேலைக்குப் போகும் அப்பாக்கள் மனைப் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குகிறார்கள். மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் இதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஏஜெண்டுகள் சொல்வது பொய். ஐஐஎம்கள் நடத்தும் கேட் நுழைவுத் தேர்வை எழுத எந்தப் பட்டமும் போதும். பிபிஏ கட்டாயமில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் பட்டப்படிப்பில் 45 சதவீதம் எடுத்திருந்தால் எழுதலாம். தேர்வுக் கட்டணமும் நமக்குப் பாதிதான். ஐஐஎம் இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு.

ஆனால் 45 சதவீதம் என்பது வாசற்படி மட்டுமே. நேர்காணலுக்கு அழைக்கும்போது பல ஐஐஎம்கள் கேட் மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும், வேலை அனுபவத்தையும் கணக்கில் எடுக்கின்றன. பொறியியல் அல்லாத பட்டங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிற ஐஐஎம்களும் உண்டு. ஆகவே பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எதில் நல்ல மதிப்பெண் எடுக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. கட்டிடம் எத்தனை மாடி என்பதல்ல.

இன்னொன்றையும் ஏஜெண்டுகள் மறைக்கிறார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. 2018 முதல் இதுதான் விதி. கையெழுத்துப் போடுவதற்கு முன் "இது எந்த ஒதுக்கீடு?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செங்கல்பட்டில் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய்வரலாம். கட்டணம் மிகக் குறைவு. மிச்சமாகும் பணத்தில் கணக்கும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கேட் தேர்வு சோதிப்பது பெரும்பாலும் இவை இரண்டையும்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் பயிற்சிப் புத்தகங்களுக்கு உதவும்.

அரசுக் கல்லூரி என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். அண்ணல் அம்பேத்கர் 1912இல் பி.ஏ. முடித்தது பம்பாயின் எல்பின்ஸ்டன் அரசுக் கல்லூரியில். அடுத்த ஆண்டே பரோடா அரசரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார்.

அதற்காக அரசை நாங்கள் விட்டுவிடவில்லை. தனியார் பயிற்சி மையங்கள் வசதியுள்ள பிள்ளைகளுக்குத்தான் எட்டும். கேட் பயிற்சி அரசு கலைக் கல்லூரிகளிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் முதலாம் ஆண்டிலிருந்தே நடக்க வேண்டும். ஐஐஎம் கட்டணம் பல லட்சம். அதற்கு உதவும் மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகையை ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்கள் பெறலாம், ஆனால் இடங்கள் எண்ணிச் சுட்ட பணியாரம். தகுதி பெற்ற எல்லாருக்கும் அது கிடைக்க வேண்டும்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நிலத்துக்காக உயிரையே கொடுத்த மாவட்டம் இது. இங்கே ஒரு ஏஜெண்டின் பேச்சை நம்பிக் கையிலிருக்கும் இரண்டு சென்ட் மனையையும் இழக்கலாமா?

ஜெய் பீம்.