பூதமும் மனிதரும்

பூதப் படம் என்றாலே சிறுவர் வேடிக்கை என்று பெரியோர் பலர் ஒதுக்கி விடுகின்றனர். கட்டடம் சரியும், கூட்டம் ஓடும், முடிவில் பூதம் மடியும். இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. இஷிரோ ஹோண்டா இயக்கி, 1954-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'காட்ஜில்லா' இதற்குத் தக்க விடை என்பது எங்கள் கருத்து.

படம் பிறந்த காலத்தை முதலில் நோக்குவோம். ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் ஒன்றின் மேல் விழுந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். செப்டம்பரில் ஒருவர் இறந்தார். நவம்பரில் படம் வெளிவந்தது. குண்டுச் சோதனையால் கடலிலிருந்து கிளம்பும் அந்தப் பூதம் எதைக் குறிக்கிறது என்று ஜப்பானியருக்கு விளக்கவும் வேண்டுமோ?

ஆயினும் படத்தின் உயிர் பூதத்தில் இல்லை, மனிதரிடம்தான் உள்ளது. நீரிலுள்ள உயிர்வளியை அழித்து, அதில் வாழும் அனைத்தையும் கொல்லும் முறையை செரிசாவா என்னும் விஞ்ஞானி கண்டுபிடிக்கிறார். அது போர்க் கருவியாகிவிடும் என்று அஞ்சி மறைக்கிறார். எமிகோ என்ற பெண்ணிடம் மட்டும் காட்டி, எவரிடமும் சொல்லக் கூடாது என வாக்குப் பெறுகிறார். பின்னர் டோக்கியோ எரிகிறது. மருத்துவமனையில் குவிந்து கிடக்கும் காயமுற்றோரைக் கண்ட எமிகோ, தான் விரும்பும் ஒகாட்டாவிடம் அந்த இரகசியத்தைச் சொல்லி விடுகிறாள்.

அவள் செய்தது சரியா? கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்றுதான் நாம் கற்றிருக்கிறோம். ஆனால், தாயை இழந்து அழும் குழந்தையின் முன் மௌனம் காப்பது வாய்மை ஆகாது என்றே நாங்கள் எண்ணுகிறோம். அதற்காக செரிசாவாவின் அச்சம் தவறு என்றும் கூற இயலவில்லை. அணுவைப் பிளந்த அறிவு குண்டாக மாறியதை அவர் கண்டவரன்றோ!

அவர் மனத்தை மாற்றுவது அரசின் ஆணையன்று. தொலைக்காட்சியில் அமைதி வேண்டிப் பாடும் பள்ளி மாணவியரின் குரலே. குறிப்புகளை எரித்துவிட்டுக் கடலில் இறங்குகிறார். ஒகாட்டாவை மேலே அனுப்பியபின், தம் உயிர்க்கயிற்றைத் தாமே அறுத்துக்கொள்கிறார். பூதத்தோடு அந்த இரகசியமும் மடிகிறது.

அறிவைப் பெறுவது எளிது. அதற்குப் பொறுப்பேற்பதே அரிது. நாளை விஞ்ஞானம் பயிலப் போகும் நாம் இதை மறவாதிருப்போமாக!