குஞ்சு காக்கும் விரால்

பெரும்பாணாற்றுப்படையிலே ஒரு மீன் வருகின்றது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடப் புகுந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாணன் ஒருவனை அவனிடம் வழிப்படுத்துகின்றார். போகும் வழியில் நெடிய கயம் ஒன்று குறுக்கிடுகின்றது. அங்கே பாண்மகன் ஒருவன் மீன் பிடிக்கின்றான். நீண்ட மூங்கிற்கோல், அதிற் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள், இரை வைத்திருக்கும் தோற்பை ஆகிய யாவும் புலவர் கண்ணிற் படுகின்றன. முள்ளிற் பொதிந்த இரையை வாளைமீன் கவ்வுகின்றது. இரையைக் கொண்டு, முள்ளுக்குத் தப்பிப் போகின்றது. போன மீன் என்ன செய்கின்றது? நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசையக் கண்டு, அதனையும் தூண்டிற்கோல் என்றே எண்ணி அஞ்சுகின்றது.

பண்டித வகுப்பு மாணவர்க்கு இப்பகுதியைப் பலமுறை பாடஞ் சொல்லியிருக்கின்றேன். புலவர் தூண்டிற்காரனோடு கரையில் நின்றுவிடவில்லை. மீனோடு நீருக்குள்ளே போய்விட்டார். அதுவே இவ்விடத்து நயம் என்பேன். மாணவரும் குறித்துக்கொள்வர். அஃது நயம் மாத்திரம் அன்று, ஓர் அறமும் ஆகும் என்பதைச் சென்ற மாரியிலேதான் உணர்ந்தேன். உணர்த்தியது எங்கள் துணுக்காய்ப் பகுதிச் சிறுகுளம் ஒன்று.

துணுக்காய் குளங்களின் நாடு. பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளம் எமக்கு அண்மையில் உள்ளது. எல்லாள மன்னன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பழங்குளம் அது. நெடுங்காலம் உடைந்து காடு மூடிக் கிடந்து, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீளக் கட்டப்பெற்றது. அதனைச் சூழப் பெயர் சொல்லி மாளாத சிறுகுளங்கள் பல. மாரியில் அவை வான் பாயும். கோடையில் அடிச்சேறு காட்டும். நீர் நின்ற இடமெல்லாம் மீன் உண்டு. விரால், குறவை, கெளிறு, சுங்கான், கெண்டை, விலாங்கு என்று எங்கள் ஊர்ச் சிறுவர் ஒரு மூச்சில் அடுக்குவர்.

2008 ஆம் ஆண்டிலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் சிறிது சிறிதாக மீண்டு வந்தோம். வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. குளத்தில் நீர் இருந்தது, நீரில் மீன் இருந்தது. அந்த முதல் ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களின் பசியை ஆற்றியது குளத்து மீனே. யான் மரக்கறி உண்பவன். ஆயினும் மீன்பிடித் தொழிலை இழித்துப் பேச எனக்கு நா எழாது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் கனடாவில் ரொறன்ரோ நகரில் வாழ்கின்றார். மார்கழி விடுமுறையில் ஊர் வந்தார். வரும்போது காற்றடைத்து விரிக்கும் சிறு படகு ஒன்றைப் பொதியாகக் கட்டிக் கொண்டுவந்தார். கயாக் என்பது அதன் பெயர். வடதுருவத்தை அடுத்த பனிநாட்டில் வாழும் இனுவிற்று மக்கள், மரச்சட்டத்தின்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்துச் செய்த வேட்டைப் படகே இதன் மூலம். ஒருவர் இருக்கலாம், துடுப்புக்கு இரு முனையிலும் அலகு உண்டு. நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்திற் புகுந்து, இரட்டை உடற் படகுக்குப் பெயராயிற்று. பனிநாட்டார் கயாக் இன்று வன்னிக்கு வருகின்றது. கொண்டும் கொடுத்தும் வாழ்வது சொல்லுக்கும் இயல்பு போலும்.

கனடாவிலே கவார்த்தா ஏரிகளில் இப்படகில் இருந்து தூண்டிலிடுவது அவர் பொழுதுபோக்கு. அங்கே பெருமைக்குரிய மீன் பாஸ் என்பது. அதனோடு, சட்டிக்குள் முழுதாக அடங்கும் கையகல மீன்கள் சில உண்டு. கதிர்மீன் முதலிய அவற்றைச் சிறுவரும் பிடிப்பர். "பாஸுக்கு இணை நமது விரால்தான், ஐயா" என்றார் அவர். இரண்டும் பாசிக்குள் ஒளிந்திருந்து பாயும் மீன்கள். இரண்டும் தூண்டிற்காரனோடு போராடுவன.

குளத்து மீனவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு காலையில் அலைகரை ஓரமாகப் படகை விட்டார். ஓசை இல்லை. ஒரு சாண் நீர் இருந்தாற் போதும். கோரைக்கும் பாசிக்கும் நடுவே அது வழுக்கிச் செல்கின்றது. அரைமணி நேரத்துள் ஒரே இடத்தில் இரண்டு பெரிய விரால் அகப்பட்டன. கரையில் நின்ற சிறுவர் ஆர்ப்பரித்தனர். யானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்?

மகிழாதவர் ஒருவர் இருந்தார். அறுபது வயதைக் கடந்த குளத்து மீனவர் அவர். மீனை அவர் பார்க்கவில்லை. மீன் பிடித்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நீரின் மேற்பரப்பில் செந்நிறமான சிறுகுஞ்சுத் திரள் ஒன்று, மழைத்துளி விழுந்தாற்போலப் பொட்டுப் பொட்டென்று மேலெழுந்து மூச்சு வாங்கிற்று.

"தம்பி, குஞ்சோட நிண்ட சோடியையெல்லோ பிடிச்சுப் போட்டியள்" என்றார்.

மாணவர் முகம் கறுத்தது. "அங்கை எண்டால், பாஸ் கூடு காக்கிற காலத்தில அதுக்குத் தூண்டில் போடவே விடமாட்டாங்கள், ஐயா. இஞ்சை எனக்குத் தெரியாமல் போச்சு" என்றார்.

விரால் காற்றையும் சுவாசிக்கும் மீனாதலின், நீரை விட்டு எடுத்தவுடன் சாவதில்லை. இரண்டில் ஒன்று முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கியிருந்தது, அது பிழைக்கவில்லை. மற்றையதைப் படகில் எடுத்துச் சென்று, குஞ்சுத் திரளுக்கு அருகே விட்டுவந்தார். அன்று பிறகு அவர் தூண்டில் எடுக்கவில்லை.

இந்தக் காட்சியில் மூவர் இருந்தோம். அந்நாட்டுச் சட்டம் ஒருவருக்குத் தெரியும். இந்நாட்டு மீன் அவருக்குத் தெரியாது. இந்நாட்டு மீன் ஒருவருக்குத் தெரியும். அவர் சொல்லை எழுதிவைக்க ஓர் ஏடு இல்லை. மூன்றாமவன் யான். வாளை அஞ்சிய நிழலுக்கு உரை சொல்லத் தெரிந்த எனக்கு, எங்கள் ஊர் விரால் எப்பொழுது குஞ்சு காக்கும் என்பது தெரியாது. மூவருள் வெட்கப்பட வேண்டியவன் எவன் என்பதை வாசகரே முடிவு செய்க.

பின்னர் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சொல்கின்றேன். மாரி பெய்து அலைகரை நீரில் மூழ்கும் காலமே விராலுக்குச் சிறந்த இனப்பெருக்க காலம். ஆழமில்லாத இடத்தில் புல்லையும் பாசியையும் விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டை நீரின்மேல் மிதக்கும். குஞ்சு பொரித்தபின்னும் தாயும் தந்தையும் அகலா. செந்நிறக் குஞ்சுகள் திரளாக உலவ, அவை கீழே காவல் நிற்கும். அணுகுவது தவளையாயினும் பாயும். தூண்டில் முள்ளாயினும் பாயும். அங்ஙனம் பாய்வது பசியினால் அன்று, காவலினால். காவல் நீங்கினால், கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் பிற மீனுக்கும் அத்திரள் இரையாகும். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களுள் ஒன்றாகக் கூறிய பார்ப்பு என்னும் சொல்லை, மலையாள நாட்டார் இன்றும் வரால் குஞ்சுத் திரளுக்கு வழங்குகின்றனர். பெயரிட்டு அழைத்தவன் அதனைக் கண்டு நின்றவன் அன்றோ?

கனடாவின் பாஸும் இத்தகையதே. ஆண்மீன் வாலினால் அடிநிலத்தைத் துடைத்துக் கூடு செய்து, முட்டையையும் குஞ்சையும் காக்கும். அதனைப் பிடித்து அகற்றினால், முன்னே சொன்ன கையகல மீன்களே சில நிமிடங்களில் முட்டைகளைத் தின்றுவிடும். ஆதலின் ஒன்ராறியோ மாகாணத்தின் பல பகுதிகளில், வசந்தகாலம் தொடங்கி யூன் மாதம் பாதி கடக்கும்வரை பாஸ் பிடித்தல் தடை. பதினெட்டு வயது தொடக்கம் அறுபத்துநான்கு வயது வரையுள்ளோர் தூண்டிலிட உரிமச்சீட்டும் பெறல் வேண்டும். விளையாட்டாகப் பிடிப்பவனுக்கும் அங்கே ஒரு வரம்பு உண்டு.

எமக்கு என்ன வரம்பு? இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் நீர்வள மூலங்கள் சட்டம் இருக்கின்றது. குளங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள்வலை ஆகாது என்ற விதி இருக்கின்றது. நல்ல விதிதான். வலையின் கண்ணை அளக்கலாம். குஞ்சு காக்கும் விராலைத் தூண்டிலால் எடுப்பவன் மனத்தை எந்த அளவுகோல் அளக்கும்? வலைக்குக் கண் உண்டு, பார்வை இல்லை. வந்ததை எல்லாம் அது எடுக்கும். தூண்டிற்காரனுக்குப் பார்வை உண்டு. நீரின்மேற் செந்நிறத் திரளைக் கண்டால் அவன் படகைத் திருப்பலாம். ஓசையற்ற ஓடம் அவனை மீனின் வாயில்வரை கொண்டுசெல்கின்றது. அவ்வளவு நெருங்க முடிந்தவனுக்குப் பொறுப்பும் அவ்வளவு நெருங்கியது.

இங்கே இரண்டு தடைகள் எழும்.

"கொல்லாமை போற்றும் சைவப் பண்டிதர், பிடிக்கவே வேண்டாம் என்றல்லவா சொல்ல வேண்டும்?" என்பது ஒன்று. இதற்கு நாட்டின் அனுபவமே விடை. 1990 இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோதல் ஆகாது என்ற சமயக் காரணத்தால், நன்னீர் மீன்பிடிக்கு அளித்த உதவியை இலங்கை அரசு நிறுத்திற்று. மீன் பிழைத்ததா? இல்லை. பிடிப்பவர் பிடித்துக்கொண்டே இருந்தனர். குளங்களில் குஞ்சு விடுவாரும் மேற்பார்வை செய்வாருமே இல்லாது போயினர். 1994 இல் அவ்வுதவி மீண்டும் தொடங்கிற்று. பின்னர் 1999 இல் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைந்தது. கண்ணை மூடிக்கொள்வது கருணை ஆகாது என்பதே இதனாற் பெற்ற பாடம்.

"வறியவன் வயிற்றில் அடிப்பதா?" என்பது மற்றொன்று. அடிக்க வேண்டியதில்லை. குளத்தை நம்பி வாழ்வோர் வலையில் பெரும்பாலும் விழுவது திலாப்பியா. எம்மவர் அதனை யப்பான் மீன் என்பர். பெயர் யப்பான், பிறப்போ ஆபிரிக்கா. இலங்கைக்கு அது வந்தது 1952 இல். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். ஆண்டு முழுவதும் பெருகும். ஏழையின் சட்டியை நிரப்பி வருவது அதுவே. பசிக்குப் பிடிப்பவனை நோக்கி யான் இதனை எழுதவில்லை. விடுமுறைக்கு வந்து, பொழுதுபோக்காகத் தூண்டிலும் ஓடமும் எடுப்பவர்களையும், அவர்களைப் பார்த்துத் தாமும் எடுக்கப்போகும் எம்மூர் இளைஞர்களையும் நோக்கியே எழுதுகின்றேன். பிடித்துவிட்டு மீளவிடுவதால் குற்றமில்லை என்று அவருட் சிலர் கூறுவர். உண்ணாத மீனின் வாயைக் கிழிப்பது எனக்கு உவப்பன்று. எனினும் அந்த வாதத்தை இன்று வளர்க்கவில்லை. குஞ்சு காக்கும் மீனை மீளவிடுவதிலும், தொடாது விடுவதே மேல் என்பதை மாத்திரம் அவரும் ஒப்புவர்.

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. கார்த்திகை தொடக்கம் தை முடியும்வரை அலைகரையில் விராலுக்குத் தூண்டிலிடுவதில்லை என்று குளந்தோறும் ஒரு வழக்கம் ஏற்படுக. மற்றைய மாதங்களிலும் செந்நிறத் திரளைக் கண்ட இடத்தில் முள்ளை இறக்காதொழிக. இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. வெளியூரார் வந்து குளத்தில் இறங்க இசைவு கேட்கும்போது, மீனவர் சங்கத்தார் இந்த ஒரு சொல்லைச் சொன்னாற் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். எமது பிள்ளைகளுட் பலர் முகாமிலும் பிற ஊரிலும் பிறந்து, குளத்தை இடையிலே கண்டவர்கள். மருதத் திணைக்குக் கருப்பொருள் எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவர். குளக்கட்டில் நிறுத்திக் கேட்டால் விழிப்பர். ஆண்டுக்கு ஒருநாள் அவர்களைக் குளத்துக்கு அழைத்துச் செல்வோம். துருசையும் வானையும் காட்டுவோம். முதலை கிடக்கும் இடத்தையும் ஆழத்தையும் சொல்லி எச்சரிப்போம். முதிய மீனவர் ஒருவரை ஆசிரியராக நிறுத்தி, நாம் மாணவராக இருந்து கேட்போம். அவர் சொல்லும் பெயர்களையும் பருவங்களையும் பிள்ளைகள் கொப்பியில் எழுதுவாராக.

என் வகுப்பிற் பெரும்பாணாற்றுப்படை மீண்டும் வருகின்றது. இம்முறை அந்த வாளைக்கு உரை சொல்லுமுன், பிள்ளைகளைக் குளக்கட்டுக்கு அழைத்துச் செல்வேன். அந்த முதியவரிடம் இப்பொழுதே சொல்லிவைத்துவிட்டேன். "வாறன், ஐயா; மழை விட்டாப் பிறகு வாருங்கோ" என்றிருக்கின்றார்.