முடிச்சோடு எத்தனை கிலோ?

2022 ஜூன் 7 அன்று வெளியான தேசிய வான் விளையாட்டுக் கொள்கை, ஏரோமாடலிங்கோடு ராக்கெட்டரியையும் பட்டியலில் சேர்த்தது. பாதுகாப்பு நெறிகளை வகுப்பது அந்தந்த விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்பு. வரவேற்கிறோம். ஹை-பவர் ராக்கெட் விடுகிறவர்களைப் பட்டாசுக் கணக்கில் எழுதும் காலம் முடிந்தால் நல்லது. அந்த நெறிகளில், ராக்கெட்டைப் பாராசூட்டோடு பிணைக்கும் மீட்புக் கயிற்றுக்குத் தனி விதி வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

எட்டுக் கிலோ ராக்கெட்; முதலில் விரியும் சிறு குடையான டிரோகில் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது, பிறகு விரியும் பெரிய குடையான மெயினில் 5.5 மீட்டர். வேக விகிதத்தின் வர்க்கம் 20.7. எட்டுக் கிலோவை அதனால் பெருக்குங்கள்: மெயின் சட்டென விரிந்தால் கயிற்றில் 165 கிலோ இழுவை, அதுவும் திறப்பு அதிர்ச்சிக் குணகத்தால் பெருக்கும் முன்பே. குடை விரிவதற்குள் வேகம் குறைந்துவிடும் என்று சிலர் இதில் கழித்துக்கொள்கிறார்கள். கழிக்காதீர்கள். டிரோக் சிக்கி, 60 மீட்டர் வேகத்தில் மெயின் வெளிவந்தால் அதே கணக்கு 950 கிலோ சொல்லும்.

ஏற்காட்டு உயரத்துக்கு வாருங்கள். 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் 86 சதவீதம். இறங்கும் வேகம் ஏழெட்டு சதவீதம் கூடும். தரையில் மோதும் ஆற்றல் 16 சதவீதம் கூடும். குடையைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். டிரோகை அப்படியே விட்டு மெயினை மட்டும் பெரிதாக்கினால் கயிற்றின் இழுவையும் 16 சதவீதம் ஏறி 191 கிலோ ஆகும். (சேர்வராயன் மலையில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் உச்சியில் குடை மாட்டிக்கொள்வது தனிக் கதை.)

இனி முடிச்சுக்கு வருவோம். கெவ்லார் சுருளில் அச்சிட்டிருக்கும் எண் முடிச்சில்லாத கயிற்றுக்கானது. முடிச்சு விழுந்தால் பாதி போயிற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தைத்த கண்ணி அவ்வளவு இழக்காது. கெவ்லார் மூன்று நான்கு சதவீதம்தான் நீளும் என்பதால் அதிர்ச்சி நேரே ஐ-போல்ட்டுக்கும் பல்க்ஹெட்டுக்கும் போகிறது. நைலான் நீண்டு கொடுக்கும், குடையை வெளியே தள்ளும் எஜெக்ஷன் சார்ஜின் சூட்டில் உருகியும் போகும். அதனால் கண்ணியோடும் முடிச்சோடும் இழுத்து அறுத்துப் பார்த்த எண்தான் செல்லும். 1956 முதல் கோவையில் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது. இழையை இழுத்துச் சோதிக்கும் அறிவுக்குக் கொங்கு நாட்டில் பஞ்சமில்லை.

பஞ்சம் கேள்வி கேட்பதில்தான். அனுமதிக்காக ஏறி இறங்கிய அலுவலகங்களில் கேட்டதெல்லாம் எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு மருந்து, யார் பொறுப்பு. எப்படி இறங்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. 'பாராசூட் இருக்கிறது' என்றதும் முத்திரை விழுந்தது. இதே நாட்டில்தான் 2025 ஆகஸ்ட் 24 அன்று ககன்யானுக்காக 4.8 டன் மாதிரிக் கலத்தைச் சினூக் ஹெலிகாப்டரிலிருந்து கீழே விட்டு, பத்துப் பாராசூட் கொண்ட இறக்க அமைப்பைச் சோதித்தார்கள். இறங்குவதற்குத் தனிச் சோதனை வேண்டும் என்பது மேலே உள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. பத்துக் கிலோ ராக்கெட்டின் கீழே நிற்பவருக்கும் தலை ஒன்றுதானே? அவருக்காகப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க இவ்வளவு தயக்கம் ஏன்?

நாங்கள் கேட்பது மூன்று விவரம்: முனை இணைப்புகளோடு கயிறு அறுபடும் விசை, எந்த வேகத்துக்குக் கணக்கிட்டது, இதுவரை எத்தனை முறை பறந்தது. சங்க விதியில் இவை ஏறும்வரை காத்திருக்கப் போவதில்லை. அடுத்த இதழ் முதல், இம்மூன்றும் இல்லாத ஏவுதல் அறிக்கைகளை இங்கே வெளியிட மாட்டோம்.