பழைய நிரலுக்குள் புதைந்திருக்கும் தரவு மாதிரி

பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினால் என்ன? கணினி படிக்கும் பலரும் கேட்கும் கேள்விதான். எழுதலாம். ஆனால் அதில் என்னென்ன விவரங்கள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று முதலில் தெரிய வேண்டுமே! அதைத்தான் டேட்டா மாடல், அதாவது தரவு மாதிரி என்கிறோம்.

கோபால் மொழியை எடுத்துக்கொள்வோம். (நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம்!) இது 1959-இல் உருவாகத் தொடங்கியது. எட்கர் காட் ரிலேஷனல் மாதிரியை வெளியிட்டது 1970-இல். பீட்டர் சென் ஈஆர் மாதிரியை வெளியிட்டது 1976-இல். ஆக, அதற்கு முன் எழுதிய நிரல்களுக்கு அப்படியொரு வரைபடம் கிடைக்காது. பிறகு எழுதியவற்றிலும் ஆவணங்கள் தொலைந்து, நிரல் மட்டுமே மிஞ்சியிருப்பது உண்டு.

ரெக்கார்ட் அமைப்பைப் பார்த்தால் போதாதா? போதாது. மூன்று காரணங்கள்.

ஒன்று, ரீடிஃபைன்ஸ். நினைவகத்தில் ஒரே இடத்துக்கு இரண்டு பொருள். அந்த 20 எழுத்துகள் ஆளின் பெயரா, நிறுவனத்தின் பதிவு எண்ணா என்பதை நிரலில் எங்கோ இருக்கும் ஒரு 'இஃப்' முடிவு செய்யும்.

இரண்டு, உறவுகள். சாதாரணக் கோப்புகளில் ஃபாரின் கீ என்று எதுவும் அறிவிக்கப்படுவதில்லை. ஒரு கோப்பில் படித்த எண்ணை இன்னொரு கோப்பின் சாவியில் போட்டுப் படிக்கும் வரியில்தான் உறவே இருக்கிறது.

மூன்று, ஆண்டு. ஒய்2கே சமயத்தில் பல இடங்களில் ஆண்டை நான்கு இலக்கமாக்காமல், 'இந்த எண்ணுக்குக் கீழே என்றால் 2000-கள், மேலே என்றால் 1900-கள்' என்று ஒட்டுப் போட்டார்கள். 35 என்பது 1935-ஆ, 2035-ஆ? தரவு சொல்லாது, நிரல்தான் சொல்லும்.

எனவே, கோபாலை வரிக்கு வரி ஜாவாவாக மாற்றுவது ஈயடிச்சான் காப்பி. செய்வது கருவியோ, செயற்கை நுண்ணறிவோ, பழைய குழப்பம் புதுச் சட்டை போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். முதலில் நிரலிலிருந்து தரவு மாதிரியை மீட்க வேண்டும். உண்மையான தரவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஊழியர்கள் ஓய்வு பெறுவதற்குள் அவர்களிடம் கேட்க வேண்டும்.

2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்பி வெளிப்படையாகவே கேட்டார். இத்தகைய அமைப்பில் ஒரு புலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால், ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய உதவித்தொகை நின்றுவிடும்.

வகுப்பில் வெற்றுத்தாளில் ஈஆர் வரைபடம் போடப் பழகுகிறோம். பழைய நிரல் ஒன்றைக் கொடுத்து, 'இதன் வரைபடத்தைப் போடு' என்றும் தேர்வில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.