பரிசோதித்த மருந்துதானே என்ற துணிச்சல்

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்து கடற்கரையோரம் கொட்டகையில் தங்குகிறவர்களின் பைகளில் பனடோலோடு சில அன்டிபயோடிக் குளிசைகளும் கிடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சலா, அம்மம்மாவுக்கு வயிற்றோட்டமா, உடனே ஒன்று கொடுத்துவிடுவார்கள். கேட்டால், "பரிசோதித்துத்தானே விற்கிறார்கள், அது கிருமியை மட்டும்தான் கொல்லும்" என்பார்கள். இந்த நம்பிக்கை தவறு, ஆபத்தும்கூட.

பெனிசிலின் மூளையில் நேரடியாகப் பட்டால் வலிப்பு வரும் என்பது 1945 இலேயே தெரிந்துவிட்டது. நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை அது தடுக்கிறது. பிற்பாடு, ஆய்வகங்களில் விலங்குகளுக்கு வலிப்பை வரவழைக்கவே பெனிசிலினைப் பயன்படுத்தினார்கள். காசநோயாளர்களைக் காப்பாற்றிய ஸ்ட்ரெப்டோமைசின், அவர்களில் பலரின் செவிப்புலனைப் பறித்தது.

பரிசோதனை நடப்பது உண்மைதான். தட்டில் வளர்த்த நரம்பணுக்களில் மருந்தை விட்டு, அவை சாகின்றனவா, அவற்றின் மின்துடிப்பு மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் தட்டிலுள்ள அணுவுக்குச் சிறுநீரகம் கிடையாது. சிறுநீரகம் பழுதானவரின் உடலில் வழக்கமான அளவு மருந்தும் வெளியேறாமல் தேங்கி மூளையை எட்டும். செஃபெபிம் என்ற அன்டிபயோடிக் ஊசிக்கு அமெரிக்கா 1996 இல் அனுமதி கொடுத்தது. கைகால் இழுக்காமல், வெறும் மனக்குழப்பமாகவே தெரியும் வலிப்பை அது உண்டாக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகள் எச்சரித்தது 2012 இல். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சிறுநீரகம் பழுதாகியும் மருந்தின் அளவு குறைக்கப்படாதவர்கள். வைத்தியசாலைக் கட்டிலிலேயே இப்படி என்றால், கொட்டகையில் யார் கண்டுபிடிப்பது? வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கானோர் சிறுநீரக நோயோடு வாழும் நாடு இது.

வயிற்றோட்டத்துக்கென்று வாங்கும் மெட்ரோனிடசோலை நீண்ட நாள் விழுங்கினால் சிறுமூளை தாக்கப்பட்டு நடை தள்ளாடலாம், பேச்சுக் குழறலாம். சிப்ரோஃப்ளொக்சசின் கைகால் நரம்புகளையே பழுதாக்கலாம்.

இவை அரிதாகவே நேரும். ஆனால் வைரஸ் காய்ச்சலுக்கும் டெங்குவுக்கும் அன்டிபயோடிக் ஒரு பயனும் தராது. பயனே இல்லாத குளிசைக்காக அரிதான ஆபத்தையும் ஏன் தேடிப்போக வேண்டும்?

வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பயந்து நிறுத்தாதீர்கள்; அது உயிர் காக்கும். சிறுநீரக நோயோ வலிப்போ இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். மருந்து தொடங்கிய பின் வீட்டு முதியவர் குழம்பிப் பேசினால், வயசுக் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மிஞ்சிய குளிசையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.